மூவண்ணி

ஒரு செடி விஷமா இல்லையா என்று கண்டுபிடிக்கப் பெரியவளுக்கு ஒரு நிமிஷம் போதும். இலையைக் கிள்ளுவாள், காம்பை மூக்குக்கு நேரே தூக்கிப் பார்ப்பாள். பால் கசிந்தால் விஷம், கசியாவிட்டால் பயமில்லை. இந்தச் சட்டத்தை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. அவ்வளவு அடித்துச் சொல்கிறவளிடம் போய்க் கேட்க யாருக்குத் துணிச்சல் வரும்? தெருவில் பாதிப் பேர் பாலித்தீன் பையில் ஒரு கொத்து இலையைப் போட்டுக்கொண்டு அவள் வீட்டுப் படியேறியிருக்கிறார்கள். பல் டாக்டர்கூட ஒருமுறை வந்து, தன் பல்லைக் காட்டிச் சிரித்து, ஒரு கள்ளிச்செடியைப் பற்றிச் சந்தேகம் கேட்டுவிட்டுப் போனார்.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து கட்டிய வீடு அது. கீழே தம்பி குடும்பம், மாடியில் அண்ணன் குடும்பம், அதற்கும் மேலே மொட்டைமாடியில் பெரியவளின் தோட்டம். மூத்த மருமகளைப் பெரியவள் என்றும் இளைய மருமகளைச் சின்னவள் என்றும் முதலில் கூப்பிட்டவர் மாமனார். அப்புறம் புருஷன்மார், பால்காரர், தெரு என்று எல்லோருக்கும் அதுவே பெயராகிவிட்டது. மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போதும் சாப்பாட்டு மேஜையில் ஆள் கூடினால் "உள்ள தள்ளி உக்காருங்க, உள்ள தள்ளி" என்பார். அவர் நாய்க்குப் பெயர் விசில்.

மொட்டைமாடித் தோட்டத்தில் பெரியவளின் உயிர் முழுக்க ஒரு செடியில்தான் இருந்தது. மலர்க் கண்காட்சி முடிகிற நாளில், பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தவனிடம் பேரம் பேசி வாங்கி வந்தது. பெயர் எழுதிய அட்டை எங்கோ விழுந்துவிட்டிருந்தது, விற்றவனுக்கும் பெயர் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் இலையைக் கிள்ளிப் பார்த்தாள். சொட்டுப் பால் இல்லை. அதோடு அதன் ஜாதகம் முடிந்தது. முதல் வருஷம் முறைத்துக்கொண்டு நின்றது. அடுத்த வருஷம் இடுப்பு உயரத்துக்குப் புதராகி, ஒரு காலையில் ஊதாவாகப் பூத்தது. அந்தப் பூ மறுநாள் வெளிர்நீலமானது, அதற்கடுத்த நாள் பால்வெள்ளை. பக்கத்திலேயே புதிதாக ஊதா. ஒரே செடியில் மூன்று நிறம், அதுவும் படிக்கட்டு வரை இறங்கி வரும் வாசம். பெரியவளே அதற்கு மூவண்ணி என்று பெயர் வைத்தாள். பார்க்க வந்தவர்களிடம், "இது யாருக்கும் வராது, நமக்கு வந்திருக்கு" என்று சொல்லும்போது குரலில் ஒரு நடுக்கம்கூட வரும். பூ உதிர்ந்த இடத்தில் பச்சையாகச் சின்னச் சின்னக் காய் பிடித்து, காய்ந்து பழுப்பாகி வெடித்து, விதைகள் தரையில் சிதறும். அதைக் கூட்டித் தள்ளுவது தவிர அதைப் பற்றி அவள் யோசித்ததே இல்லை.

சின்னவளிடம் இருந்தது ஒரே ஒரு தொட்டி. அவள் அப்பா கொத்தனார். பிளாஸ்டிக் வாளியை அச்சாக வைத்து அவரே சிமென்டில் வார்த்த தொட்டி அது. விளிம்பில் சுற்றிலும் அவருடைய கட்டைவிரல் பதிந்திருக்கும். கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் அவர் தின்றுவிட்டுப் போட்ட சப்போட்டாக் கொட்டை அதில் முளைத்து வந்தது என்று சொல்லி, சின்னவள் அதைத் தாய்வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து வாசல் பக்கம் வைத்தாள். பூவும் இல்லை, காயும் இல்லை. தடித்த இலைகள் கிளை நுனியில் கொத்தாக நிற்கும், அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்றால் பெரியவளுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் முழங்கால் வலி வந்த பிறகு மாமனாரால் மொட்டைமாடி ஏற முடியவில்லை. மூவண்ணிக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய பிரம்பு நாற்காலி இறங்கிப் போய், சப்போட்டாத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. சாயங்காலமானால் அவர், சின்னவள், அவள் கைக்குழந்தை, நாய் என்று ஒரே கச்சேரி. "நம்ம சப்போட்டா புது இலை விட்டிருக்கு பார்த்தியா" என்று மாமனார் தெருவில் போகிறவர்களிடம் சொல்வது மாடி வரை கேட்கும். நம்ம சப்போட்டாவாம்! மூவண்ணியை அவர் ஒருநாளும் நம்ம என்று சொன்னதில்லை. தலைப் பிரசவத்துக்கு வந்த பெண்ணை விழுந்து விழுந்து கவனிப்பதுபோல ஒரு கொட்டைச் செடியைக் கவனிப்பதைப் பார்க்கப் பெரியவளுக்கு வயிறு எரிந்தது. எரிகிறது என்று அவளுக்கே தெரிந்தது, அதனால் இன்னும் எரிந்தது.

நாய்க்கு மட்டும் கட்சி கிடையாது. சாயங்காலம் கீழே, மத்தியான வெயிலுக்கு மேலே, மூவண்ணியின் நிழலில்.

ஒரு மத்தியானம் விசில் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து வாந்தி எடுத்தது. நான்கு காலும் மரக்கட்டையாக விறைத்து, உடம்பு உதறியது. வைத்தியம் பார்த்து அது பிழைத்து வீடு திரும்பினாலும், மாமனாருக்கு நடுக்கம் தீரவில்லை. எதையோ தின்றிருக்கிறது, எதை? அவர் பெரியவளைக் கூப்பிட்டனுப்பினார். பெரியவள் இறங்கி வந்தாள். சப்போட்டாவின் கீழ்க் கிளையில் இரண்டு இலை கிழிந்திருந்தது. அவள் மூன்றாவதைக் கிள்ளினாள். வெள்ளையாகப் பால் திரண்டது.

"பாருங்க மாமா. பாலு. இது அரளி ஜாதி."

"இல்லக்கா, அது சப்போட்டா" என்றாள் சின்னவள். "எங்கப்பா போட்ட கொட்டைல வந்தது."

"அவர் போட்டது சப்போட்டாதான், யாரு இல்லன்னா? மொளைச்சது எது? அந்த மண்ணுல வேற என்ன வெதை கெடந்துச்சோ? நீ காய் பார்த்தியா? பூ பார்த்தியா?"

"காய்க்க ரொம்ப வருஷம் ஆகும்னு அம்மா சொன்னாங்க…"

"அதுவரைக்கும் நாயைப் பலி குடுக்கலாமா? நாயை விடு. உன் புள்ளை நாளைக்கு இலையப் பிடுங்கி வாயில போட்டா?"

சின்னவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மாமனார் தரையைப் பார்த்தபடி, "செடி விஷயத்துல பெரியவ சொன்னா சொன்னதுதான்" என்றார். பிடுங்கியது சின்னவளேதான். குப்பை வண்டியில் போட்டதும் அவளேதான். வண்டி தெருமுனை திரும்புகிறவரை வாசலில் நின்றாள்.

இதில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பால் பெரியவளின் விரலில் பட்டது. கைகழுவுவதற்குள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டிக்கொண்டன. சின்ன வயதில் பழுக்காத சப்போட்டாவைக் கடித்து, உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டு, அம்மாவிடம் எண்ணெய் தடவச் சொல்லி அழுதவள் அவள். அதே பிசின். விரலைப் பிரித்தபோது அவளுக்குள் ஒன்று, சப்போட்டாதானே என்று சொல்லத்தான் செய்தது. குப்பை வண்டி அப்போது இன்னும் வரவில்லை. அவள் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

பிறகு மனசு உறுத்தியது. உறுத்தலுக்கு அவள் கண்டுபிடித்த மருந்தைக் கேளுங்கள். மூவண்ணியில் முன்பே ஒரு கிளையின் பட்டையைச் சீவி, ஈர நார் வைத்துக் கட்டிப் பதியன் போட்டிருந்தாள். வேர் பிடித்திருந்தது. அதை வெட்டி எடுத்துக் கீழே கொண்டுபோய், காலியாக இருந்த அந்தச் சிமென்ட் தொட்டியிலேயே தன் கையால் நட்டாள்.

"கேட்டவங்க யாருக்கும் நான் குடுத்ததில்ல. உனக்குத்தான் குடுக்கறேன்" என்றாள்.

சின்னவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "பெரிய மனசுக்கா உங்களுக்கு" என்றாள். மாமனாரும், "பார்த்தியா, பெரியவ பெரியவதான்" என்றார். அந்த வார்த்தையைப் பெரியவள் வாரக்கணக்கில் வைத்து வைத்துச் சுவைத்தாள். நாற்காலி மறுபடி அவள் செடிக்குப் பக்கத்தில் வந்துவிட்டதல்லவா.

விசில் இரண்டாம் முறை விழுந்தது, சப்போட்டா போய்ப் பல நாளான பின்பு. இந்த முறை மொட்டைமாடியிலேயே. பெரியவளின் புருஷன் அதைக் கோணிப்பையில் சுற்றித் தூக்க, இருவரும் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அவர் வண்டியை நிறுத்த இடம் தேடிப் போக, உள்ளே மேஜையின் மேல் நாயின் தலையைப் பிடித்துக்கொண்டு பெரியவள் மட்டும் நின்றாள். நாயின் கண் அவளைப் பார்த்தது. உடம்பு விட்டு விட்டு உதறியது.

டாக்டரம்மா ஊசி போட்டுவிட்டு, நாய் கக்கியதை ஒரு தட்டில் வாங்கி இடுக்கியால் கிளறினாள். பிளந்த காய் ஓடும் பழுப்பு விதைகளும் இருந்தன. அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"இத நான் முன்னாடியும் பார்த்திருக்கேன்ம்மா. ஒரு பூச்செடி. ஊதாவா மலரும், அப்புறம் நிறம் வெளுத்து வெளுத்து வெள்ளையாயிடும். வாசமா இருக்கும். நாய்ங்களுக்கு எமன். மனுஷங்களுக்கும் ஆகாது. உங்க வீட்ல இருக்கா?"

பெரியவளின் கை நாயின் காதுக்குப் பின்னால் அப்படியே நின்றது.

"பால் வருமா அதுல?" என்று கேட்டாள். கேள்வி அவளையறியாமல் வந்தது.

"பாலெல்லாம் வராது. அதனாலதான் ஜனங்க சாதுன்னு நெனைச்சு வளக்கறாங்க. பாலுக்கும் விஷத்துக்கும் என்ன சம்பந்தம்? சப்போட்டாலகூடத்தான் பால் வருது." டாக்டரம்மா சிரிக்கக்கூட இல்லை, சொல்லிக்கொண்டே ஊசியைக் குப்பையில் போட்டாள். "இருக்கா வீட்ல?"

"இல்லங்க" என்றாள் பெரியவள். "எங்க வீட்ல இல்ல. தெருவுல எங்கயாவது மேஞ்சிருக்கும்."

"இருந்தா வேரோட எடுத்துடுங்க. சின்னப் புள்ளைங்க இருக்கற வீடா?"

அதற்கு அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஆமாம் என்று ஆட்டினாளா, இல்லை என்று ஆட்டினாளா என்று அவளுக்கே தெரியவில்லை. புருஷன் உள்ளே வந்து, "என்னவாம்?" என்று கேட்டபோது, "ஏதோ வெதையாம்" என்றாள். விசிலை மறுநாள் வரை அங்கேயே வைத்துக்கொள்வதாகவும், பிழைத்துவிடும் என்றும் டாக்டரம்மா சொன்னாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் பெரியவள் புருஷனின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். மேலே இருப்பதைப் பூச்சி விழுந்துவிட்டது என்று சொல்லி வெட்டிவிடலாம். கீழே இருப்பதையும் அதே பூச்சியின் பேரில் எடுத்துவிடலாம். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. சப்போட்டா அரளியாகவே இருந்துவிட்டுப் போகட்டும், அது இப்போது உயிரோடா இருக்கிறது வந்து சாட்சி சொல்ல? இப்படி நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் பூச்சிக்கு என்ன பெயர் சொல்லலாம் என்று யோசிப்பதை அவள் நிறுத்தவில்லை.

வாசலில் இறங்கியதும் அவள் கண் தொட்டிக்குத்தான் போனது. பதியன் பூத்திருந்தது. ஊதாவில் இரண்டு, வெள்ளையில் ஒன்று. தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றது குழந்தை, ஒரு கையில் கசங்கிய ஊதா இதழ். வாய் எதையோ மென்றுகொண்டிருந்தது.

பெரியவள் செருப்போடு பாய்ந்தாள். குழந்தையின் தாடையைப் பிடித்து, வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினாள். வந்தது ஊறிப்போன பிஸ்கட். குழந்தை வீறிட்டு அழ, அவள் மறுபடி விரலை விட்டு இரண்டு கன்னத்துக்குள்ளும் துழாவினாள். மறுபடியும் பிஸ்கட்தான். நாற்காலியிலிருந்த மாமனார் எழ முயன்று உட்கார்ந்தார். சின்னவள் ஓடி வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

"என்னக்கா? என்ன ஆச்சு? விசிலு…?"

"விசிலுக்கு ஒண்ணும் இல்ல. நாளைக்கு வந்துடும்." பெரியவள் குழந்தையின் கையிலிருந்த இதழைப் பிடுங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். "இந்தச் செடில பூச்சி விழுந்திருக்கு. குடு, மேல கொண்டுபோய் மருந்தடிச்சுத் தரேன்."

"பூச்சியா? காலைலகூட இலை இலையாத் துடைச்சேனே." சின்னவள் குனிந்து பார்த்தாள். "ஒண்ணும் இல்லக்கா. பாருங்க, மொதப் பூ. விசிலு வந்ததும் மாமாவையும் அதையும் இதுங்கிட்ட உக்கார வெச்சு ஒரு போட்டோ எடுக்கணும்னு நெனைச்சேன்."

"கண்ணுக்குத் தெரியாத பூச்சி. குடுன்னா குடேன்."

"குடுத்தத திருப்பிக் கேக்கறீங்களாக்கா?" சின்னவளின் குரல் தணிந்துவிட்டது. "நான் ஏதாவது தப்பா நடந்துக்கிட்டேனா?"

பெரியவள் வாயைத் திறந்தாள். இந்தப் பெண் தான் என்ன தப்புச் செய்தோம் என்று தேடிக்கொண்டு நிற்கிறாள். புருஷன் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அழுது அழுது விக்கல் எடுத்துக்கொண்டிருந்த குழந்தை, தாயின் தோளுக்கு மேலாகப் பூவைப் பார்த்துக் கையை நீட்டியது.

"பூச்சி இல்ல" என்றாள் பெரியவள். "இதுதான் விஷம். நாய் தின்னது மேல இருக்கற செடியோட காயை. அன்னிக்கும் அதைத்தான் தின்னிருக்கு. டாக்டரம்மா வெதையக் காட்டுனாங்க. வீட்ல இருக்கான்னு கேட்டாங்க. இல்லன்னு சொல்லிட்டு வந்தேன்."

மாமனார் மடியில் இருந்த நாய்ச் சங்கிலியைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். பெரியவளுக்கு முகம் முழுக்க நெருப்பாக எரிந்தது. தெருவில் எதிர்வீட்டுக்காரி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். போன வாரம் பாலித்தீன் பையில் இலை கொண்டுவந்தவள் அவள்.

"மேல இருக்கறத இப்பவே வெட்டிடறேன்" என்றாள் பெரியவள். "இதையும் எடுத்துடறேன்."

சின்னவள் கேட்ட கேள்வி வேறு.

"அன்னிக்கு இலையக் கிள்ளி, பாலத் தொட்டுப் பார்த்தீங்களே. அது சப்போட்டான்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்ல எல்லா வசதியும் இருந்தது. ஆளை விட்டுச் செடியைத் திட்டலாம், கண்காட்சிக்காரனைத் திட்டலாம். தெரியாமல் நடந்தது என்றால் மாமனாரே, போகட்டும் விடு என்பார். சின்னவளின் கண்ணிலும் அந்த ஒரு வார்த்தைக்கு இடம் இருந்தது. சொல்லிவிடுங்கள், நம்பிவிடுகிறேன் என்பதுபோல நின்றாள்.

"அரைகுறையாத் தெரியும்" என்றாள் பெரியவள்.

"அரைகுறையான்னா?"

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இப்போதும் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல இருந்தது பெரியவளுக்கு.

"தெரியும்."

சின்னவள் குழந்தையை மாமனாரின் மடியில் கொண்டுபோய் உட்கார வைத்தாள். அப்புறம் தொட்டியின் முன்னால் மண்டியிட்டு, அதைச் சாய்த்து, விளிம்பில் உள்ளங்கையால் தட்டினாள். தன் அப்பாவின் கட்டைவிரல் பதிந்த இடத்தில்தான் தட்டினாள். ஒருமுறை, இன்னொருமுறை. மண்ணும் வேருமாகச் செடி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அதை இரண்டு கையாலும் தூக்கி, ஒரு பூகூட உதிராமல், பெரியவளின் கைகளில் வைத்தாள்.

"செடிய எடுத்துக்கங்க" என்றாள். "தொட்டி எங்கப்பாவோடது."

பெரியவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினாள். வேறு எப்படியும் பிடிக்க முடியவில்லை. ஈரமண் விரலிடுக்கு வழியாகப் படிக்குப் படி உதிர்ந்தது. பூக்கள் முகத்துக்கு நேரே இருந்ததால் மூச்சு விடும்போதெல்லாம் அந்த வாசம் வந்தது, நல்ல வாசம்தான். மாடித் திருப்பத்தில் திரும்பிப் பார்க்கலாமா என்று நின்றாள், பார்க்கவில்லை. கீழே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. சின்னவள் தொட்டியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.